தூண்டில் கம்பின் கோணல்

சிவகாசிக்காரர்கள் வானத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. மற்ற ஊர்களில் மேகம் கூடினால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பார்கள். இங்கே வெடிமருந்து வேலையை நிறுத்துவார்கள், வெளியே காய்கிற சரக்கை உள்ளே அள்ளுவார்கள், அச்சகத்தில் காகிதக் கட்டுகளைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்துவார்கள். தீபாவளி சீசன் நேரத்தில் நாலு தூறல் விழுந்தால் தெருவே முகம் தொங்கிப்போய் நடக்கும். போன வருடம் புரட்டாசியில் இந்த ஊரில் மழை வேண்டும் என்று கும்பிட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அதுவும் பயிருக்காக இல்லை, கிணற்றுக்காக இல்லை. ஒரு தூண்டில் கம்பு மறுபடியும் கோணலாக வேண்டும் என்பதற்காக.

அது என் கணவருடைய கம்பு. மூணாறு பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் அவர் ஸ்டோர் கீப்பர். கல்யாணமான கையோடு அங்கே போனவர்கள், ஆயுசு முழுக்க அங்கேயே இருந்துவிட்டோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மானேஜர் ஒருவர் ஓய்வு பெற்றுப் போகும்போது அந்தக் கம்பை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். குளக்கரையில் புழுவைக் கோத்துப்போட்டுக் காத்திருக்கிற தூண்டில் இல்லை அது. இறகும் நூலும் கட்டிச் செய்த பொய் ஈ ஒன்றைக் கயிற்றின் நுனியில் முடிந்து, சாட்டை போலத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, ஓடுகிற தண்ணீரின் மேல் மெல்ல இறக்க வேண்டும். ட்ரவுட் மீன் அதை நிஜ ஈ என்று நம்பி வாய் திறக்க வேண்டும். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த மீனும் நம்பவில்லை. “அங்காடில மத்தி வாங்கினா ஆகாதா?” என்று நான் கேட்பேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றுவார்.

கம்பு மூங்கில்தான். ஆனால் முழு மூங்கில் இல்லை. ஆறு மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். மூன்று துண்டு. ஒரு துண்டின் பித்தளைப் பூண் இன்னொன்றின் பூணுக்குள் நுழையும். நனைந்தால் துடைக்க வேண்டும், துண்டு துண்டாகக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டு நேராகத் தொங்கவிட வேண்டும், எங்கேயும் சாய்த்து வைக்கவே கூடாது என்று மானேஜர் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். மூங்கில் ஈரம் குடிக்குமாம். குடித்தால் இளகுமாம். இளகினது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே நின்றுவிடுமாம்.

இவர் துடைப்பார். மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. வந்ததும் முழுக் கம்பையும் அப்படியே அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மூலையில் சாய்த்துவிடுவார்.

“கழட்டி மாட்டுனா என்ன? அது என் தலைய இடிக்குது.”

“நாளைக்கும் போகத்தானே போறேன், அதுக்குள்ள எதுக்குக் கழட்டிக்கிட்டு.”

அவருக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளும் ஞாயிற்றுக்கிழமை.

அந்த மலையின் ஈரத்தை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஆடி மாதம் பிறந்தால் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம். பீரோவில் பட்டுப்புடவை மேல் பூஞ்சை பூக்கும். எங்கள் கல்யாணப் படத்தில் முதலில் என் மாமியாரும் பிறகு நாதஸ்வரக்காரரும் வெள்ளைப் புள்ளிகளுக்குள் காணாமல் போனார்கள். அதே மூடுபனியைத்தான் கம்பும் மூலையில் நின்று வருடக்கணக்காகக் குடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நுனித் துண்டு இடது பக்கம் வளைந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும் அளவுக்கு ஆனது. நேராக்கலாம் என்று எஸ்டேட் கிளப்பில் யாரோ சொன்னதற்கு இவர் சம்மதிக்கவில்லை.

“எந்தப் பக்கம் கோணல்னு என் கைக்குத் தெரியும். நேராக்கிட்டா நான் மொதல்ல இருந்து படிக்கணும்” என்றார்.

உண்மைதான். வீசும்போது மணிக்கட்டை ஒரு சுழி சுழித்து அந்த வளைவைச் சரிக்கட்டுவார். அந்தச் சுழி பின்னால் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. தோசைக்கரண்டியைக்கூட அப்படித்தான் திருப்புவார். நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை. பூண் பச்சை பூத்துக் கவ்விக்கொள்ளும். எப்போதாவது கழற்ற நினைத்தால் ஒரு ஆளால் ஆகாது. “இந்தா, இங்க வா, அந்தப் பக்கத்தைப் பிடி” என்று கூப்பிடுவார். வாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்போம். அடுப்பில் பால் பொங்கும். நான் கத்துவேன். அது டப்பென்று விட்டுக்கொடுக்கும்போது நான் பின்னால் போய்ச் சுவரில் இடிப்பேன், அவர் சிரிப்பார். எங்கள் வீட்டில் நடந்த விளையாட்டு என்றால் அது ஒன்றுதான்.

ஓய்வுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு மழைநாளில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார். ஜீப் வருவதற்குள் முடிந்துவிட்டது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிவகாசியிலிருந்து என் தம்பி லோடு வேன் பிடித்துக்கொண்டு வந்தான். பாத்திரம் பண்டம் எல்லாம் ஏற்றிய பிறகு கதவுக்குப் பின்னால் கம்பு நின்றது. பூண் கவ்விக்கொண்டிருந்தது. தம்பியைப் பிடித்து இழுக்கச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. முழுக் கம்பாகவே வேனுக்குள் குறுக்காக வைத்தோம். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று தம்பி அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான். அப்படியாக அவருடைய கம்பு கொடி கட்டிக்கொண்டு மலை இறங்கியது. தேனி தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது.

தம்பி வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தான். பிறந்த ஊர்தான், ஆனாலும் எனக்கு இங்கே யாரையும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்து அவரவர் வீட்டில் அமர்ந்துவிட்டார்கள். காலையில் கம்பெனி வேன்கள் ஹாரன் அடித்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனால் தெரு காலியாகிவிடும். அதற்கப்புறம் சாயங்காலம் வரை என் வீட்டில் பேசுவது குக்கர் மட்டும்தான். ஒரு ஆளுக்குச் சமைப்பது எனக்குப் பிடிபடவே இல்லை. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சியது.

தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் பிரிவுக்கு அவன்தான் போர்மேன். என் சமையலைத் தின்பதற்கென்றே அவன் பெண்டாட்டி அவனைப் பட்டினியாக அனுப்புவாளோ என்று எனக்குச் சந்தேகம். வாரம் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்ததை அவனிடம் கொட்டுவேன். வேறு ஆள் எனக்கு இல்லை.

கம்பை இங்கேயும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால்தான் சாய்த்திருந்தேன். சித்திரை வெயிலில் அது வற்றத் தொடங்கியது. மலையில் ஊதியிருந்த மூங்கில் இங்கே சுருங்கிவிட்டது. தொட்டால் பூணுக்குள் டிக் டிக் என்று ஆடியது. ஒரு நாள் பெருக்குவதற்காக ஒரு கையால் தள்ளி வைக்கப் பார்த்தேன். இழுக்கக்கூட இல்லை. பூணிலிருந்து மூங்கில் தானாக உருவிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. ரெண்டு பேர் சேர்ந்து மூச்சைப் பிடித்து இழுத்தது, இங்கே ஒருத்தி சும்மா தொட்டாலே வருகிறது. துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

ஆனால் கோணல் அப்படியே இருந்தது. ஊர் வெயிலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. அழுது முடித்ததும் முதலில் அதைத்தான் தடவிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு தம்பி கம்பு ரெண்டாகக் கிடப்பதைப் பார்த்தான். அவன் நுனித் துண்டை எடுத்து, தரையில் டைல்ஸ் சேருமிடத்துக் கோட்டோடு கோடாக வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். ராக்கெட்டுக்குக் கட்டுகிற குச்சியும் மூங்கில்தானே. நாள் முழுக்க அவன் பார்க்கிற வேலையே அதுதான்.

“என்னக்கா இம்புட்டுக் கோணலா இருக்கு? இந்த மாதிரிக் குச்சில ராக்கெட்டக் கட்டுனா எவன் வீட்டு மாடிலயாச்சும் போயி விழும்.”

“அது ராக்கெட்டு இல்லலே, வச்சிரு” என்றேன். அவன் வைத்துவிட்டான். அத்தோடு விட்டான் என்றுதான் நினைத்தேன்.

வைகாசியில் விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கும்படி ஆனது. இன்னொரு சாவி தம்பியிடம் இருந்தது. திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, “பொறுங்கக்கா, வரும்” என்று மட்டும் சொன்னான். அடுத்த ஞாயிறு கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக வந்தான்.

அவன் செய்திருந்த வேலையைச் சும்மா சொல்லக் கூடாது. வெந்நீரில் பூணைக் கழற்றிப் பச்சையைத் தேய்த்து எடுத்திருந்தான். வற்றின மூங்கிலுக்கு மெல்லிய நூல் சுற்றிப் பசை போட்டுப் பூணை இறுக்கியிருந்தான். நுனித் துண்டை அடுப்பு அனலில் மேலாகக் காட்டிக் காட்டி, இளகினதும் ஒரு இரும்புக் குழாயோடு சேர்த்துக் கட்டி, மொட்டை மாடி வெயிலில் நாள் கணக்காகப் போட்டிருந்தான். கடைசியில், காலண்டர் அச்சகத்தில் இருக்கும் கூட்டாளியிடம் வார்னிஷ் வாங்கி ஒரு கைப் பூச்சு. இந்த ஊரில் எதுவும் வெயிலில் போட்டால் சரியாகிவிடும். அப்பளம், வெடி, அட்டை, மனுஷன், எல்லாம். இங்கே பிறந்தவன் வேறு எதைச் செய்வான்?

டைல்ஸ் கோட்டின் மேல் வைத்துக் காட்டினான். “பாருங்கக்கா, நூல் புடிச்ச மாதிரி இருக்கு. இனி அத்தான் கம்பு எந்தக் கடைலயும் கிடைக்காத கம்பு.”

கோடும் கம்பும் ஒன்றாகக் கிடந்தன. நான் குனிந்து தடவினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். வழுவழுவென்று போய்க்கொண்டே இருந்தது. எங்கேயும் நிற்கவில்லை. அவருடைய சோம்பல், அந்த மூலை, அந்த மழை, அவர் மணிக்கட்டு, ஒன்றுமே இல்லை.

“உன்ன எவன்லே இதத் தொடச் சொன்னான்?”

“அக்கா?”

“எது கைல கிடைச்சாலும் நிமித்திப்புடுவியோ? எனக்குன்னு ஒரு சாமான் இந்த வீட்ல இருக்கக் கூடாதா? சாவியக் குடுத்துட்டுப் போலே.”

அவன் முகம் சுண்டிவிட்டது. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து டிவி மேல் வைத்தான். “நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன்” என்றான். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பிடாமல் போனான்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்னவென்று சொல்வது? மூங்கிலில் இருந்த வளைவை, என் புருஷன் என்று எந்த வாயால் சொல்வது? கேட்டால் அக்காவுக்குத் தனியாக இருந்து இருந்து மூளை கலங்கிவிட்டது என்று கூட்டிக்கொண்டுபோய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்வான். அதுவும் எனக்கு வேண்டாம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவன் ரோஷக்காரன் என்றால் நான் அவனுக்கு அக்கா. நானும் போகவில்லை. மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி மறுநாள் தின்றேன்.

கம்பை நேராக்கலாம் என்று கிளப்பில் சொன்ன அந்த மனிதரின் இன்னொரு பேச்சு வெகு நாள் கழித்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது. சூடு காட்டி நேராக்கின மூங்கிலை நம்ப முடியாது, நல்ல ஈரம் பட்டால் பழையபடி திரும்பினாலும் திரும்பும் என்றார். அன்றைக்கு அது எங்களுக்கு ஒரு குறையாகக் காதில் விழுந்தது. இப்போது அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் சிவகாசியில் ஈரத்துக்கு எங்கே போவது? ஊரே ஈரம் இல்லாததை வைத்துத்தானே பிழைக்கிறது. நனைத்த சாக்கைப் பக்கத்தில் தொங்கவிட்டேன், ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று ஆனது. வாளியில் வெந்நீர் பிடித்துக் குளியலறையில் ஆவி பிடிக்க வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்து, “யாருக்கு வேது பிடிக்கீக, ஜலதோஷமா?” என்றாள். ஆமாம் என்றேன். ஜலதோஷம் பிடித்தது எனக்குத்தான். கம்பு அசையவில்லை.

கம்பைச் சாய்த்து வைக்கவில்லை. அதில் மட்டும் நான் உஷாராக இருந்தேன். மூலையில் சாய்த்து வைத்து, அது வளைந்தால், அது என் சுவர் வளைத்ததாகிவிடும். எனக்கு அது வேண்டாம். மூன்று துண்டையும் பூட்டி, தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் நேராகப் படுக்கப்போட்டேன். தானாக வந்தால் வரட்டும், நான் கள்ளத்தனம் செய்ய மாட்டேன். தினமும் காலையில் காப்பி டம்ளரோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைப் பார்ப்பேன். வேறு வேலை இல்லாத பொம்பளை.

தீபாவளிக்குத் தம்பி பெண்டாட்டி பலகாரம் கொடுத்தனுப்பினாள். அவன் வரவில்லை. இருட்டியதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தெருவில் ராக்கெட் விட்டார்கள். ஒன்றுகூடப் பக்கவாட்டில் போகவில்லை. எல்லாம் நேராக மேலே போய் வெடித்தன. அவன் வேலை சுத்தம். முறுக்கை எடுத்துக் கடித்தேன், இறங்கவில்லை.

ஐப்பசி கடைசியில் மழை பிடித்தது. சும்மா தூறலில்லை. விடாமல் பெய்தது. தெருவில் காலண்டர் ஏற்றி வந்த வேன்காரர் மழையை வண்டை வண்டையாகத் திட்டினார். அச்சகங்களில் மை காயவில்லை, தாள் சுருண்டுகொள்கிறது என்று பேசிக்கொண்டார்கள். என் வீட்டில் உப்பு கசிந்தது. தீக்குச்சி நமத்துப்போனது, அதுவும் சிவகாசியில். அடுக்களைக் கதவு ஊதிக்கொண்டு நிலையில் முட்டியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஊரெல்லாம் ஜன்னலைச் சாத்த, நான் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தேன். மலையே இறங்கி என்னைப் பார்க்க வந்த மாதிரி இருந்தது.

முதல் ரெண்டு நாள் கோடும் கம்பும் ஒன்றாகவே கிடந்தன. பிறகு ஒரு காலையில் காப்பியோடு உட்கார்ந்தேன். நுனி கோட்டை விட்டு விலகியிருந்தது. இடது பக்கம். பழையபடி முழுக்க இல்லை, அதில் பாதிதான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். விரல் அதே இடத்தில் நின்றது.

காப்பி ஆறிப்போகும்வரை அப்படியே இருந்தேன். பிறகு அதைத் துடைத்துக் கழற்றிப் பைக்குள் போட்டு வைக்கலாம் என்று எடுத்தேன். இந்தத் தடவையாவது மானேஜர் சொன்னபடி. பூண் கவ்விக்கொண்டிருந்தது. தம்பி போட்ட பசை, மழையின் ஈரம், ரெண்டும் சேர்ந்து அசைய மறுத்தது. முழங்காலுக்குள் வைத்து இழுத்தேன். முந்தானையைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை அது.

அந்நேரம் வாசலில் குடை மடக்குகிற சத்தம். தம்பி நடைவாசலுக்கு வெளியிலேயே நின்றான். மழைக்குக் கம்பெனி லீவு.

“ஒழுகுதான்னு பாக்க வந்தேன்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அப்புறம் என் கையில் இருந்த கம்பைப் பார்த்தான். அவன் கண்ணுக்குத் தப்புமா? ஒரு கண் தானாகவே மூடிக்கொண்டது. “மறுபடியும் கோணிருச்சேக்கா” என்று கையை நீட்டினான். உடனே சுட்டுக்கொண்டவன் மாதிரி இழுத்துக்கொண்டான்.

“அது அத்தான் சாச்சு வச்ச கோணல்லே,” என்றேன். “நிமித்தாத. அது இருக்கட்டும்.”

குடையிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா” என்றான்.

“உள்ள வா. இந்தா, அந்தப் பக்கத்தப் பிடி.”

அவன் வாசல் பக்கம் நின்றான், நான் அடுக்களைப் பக்கம் நின்றேன். இழுத்தோம். எதிர் முனையில் ஒரு ஆள் இழுக்கிற பாரம் என் உள்ளங்கைக்கு வந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். அடுப்பில் பால் வைத்திருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பூண் அசையவில்லை.

“வர மாட்டேங்குதேக்கா. விட்டுருவமா?”

“விடாத,” என்றேன். “இழு.”